மோட்டார் இல்லாத சூரிய சுடுதண்ணி: காலை 5 மணிக்கும் சூடு நிற்கணும், எப்படிக் கட்டுறது?

தாமான்வாசி:
வணக்கம். மலேசியா, பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டின தாமான் (வீடமைப்புக் குடியிருப்பு). மாடி இல்லாத வரிசை வீடு. பின்னால் சமையலறையை நீட்டி சிங்கு (துத்தநாகம் பூசின இரும்புத் தகடு) கூரை போட்டிருக்கு. அதைத் தாண்டி பத்தடி காலி இடம். ஐந்து பேர் குடும்பம், ரெண்டு பேருக்குத் தோட்டத்தில் பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) இருப்பதால் காலை 5 மணிக்கே குளியல். வெயிலில் தண்ணி காய்கிற அமைப்பு ஒண்ணு கட்டணும். பம்பு வேண்டாம், கரண்டு வேண்டாம். கறுப்பு பாலி பைப் ஒரு ரோல் வாங்கிக் கூரை மேல் சுருட்டிப் போட்டால் போதும் என்கிறார்கள். போதுமா? அளவு, சாமான் விவரத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

குழாய்வேலை:
போதாது தம்பி. 25 மி.மீ. பாலி பைப் 100 மீட்டர் ரோலை எடுத்துக்குங்க. உள்விட்டம் 20 மி.மீ. சுமார், மொத்தமே 30 லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். மதியம் திறந்தால் கை வைக்க முடியாத சூட்டில் வரும். ரெண்டு வாளி தாண்டினால் பச்சைத் தண்ணி. சாயங்கால மழை கூரையை நனைச்சதும் அந்த 30 லிட்டரும் ஆறிடும். சுருளை ஒரு டேங்க்கோட இணைச்சாலும் தண்ணி தானாகச் சுற்றாது. ஏன்னா சுருள் ஒவ்வொரு வட்டத்திலும் ஏறி இறங்குது, ஏறின இடத்தில் எல்லாம் காற்று அடைச்சுக்கும்.

உங்களுக்கு முக்கியம் அந்த 5 மணி. வெயிலைப் பிடிக்கிற பெட்டி யார் வேணும்னாலும் செய்யலாம். பிடிச்ச சூட்டை ராத்திரி முழுக்கக் காப்பாத்துற டேங்க்தான் நிஜமான வேலை. பணத்தையும் நேரத்தையும் பாதிக்கு மேல அங்கே போடுங்க.

கணக்குப்புலி:
குழாய்வேலை அண்ணன் சொன்னதை எண்ணில் வைத்துப் பார்க்கலாம்.

100 லிட்டர் உருளை டேங்க், விட்டம் 45 செ.மீ., உயரம் 63 செ.மீ. என்றால் வெளிப்பரப்பு சுமார் 1.2 சதுர மீட்டர். இரவு வெளிக்காற்று 25 டிகிரி, தண்ணீர் 55 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றும் சுற்றாத டேங்க் 12 மணி நேரத்தில் 33, 34 டிகிரிக்கு வந்துவிடும். 25 மி.மீ. ராக்வூல் (சூடு காக்கும் பாறைப் பஞ்சு) சுற்றினால் இழப்பு 5, 6 டிகிரி. 50 மி.மீ. சுற்றினால் 3 டிகிரி. இது ஏட்டுக் கணக்கு. குழாய் நுழையும் இடம், டேங்க்கைத் தாங்கும் கால் எல்லாம் சேர்ந்து இதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். அப்படியும் 50 மி.மீ. போட்டால் காலையில் 49, 50 டிகிரி கையில் இருக்கும்.

அமெரிக்காவில் கிளாரன்ஸ் கெம்ப் 1891-இல் விற்ற ‘கிளைமாக்ஸ்’ ஹீட்டரில் கறுப்பு டேங்க்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பகலில் காயும், இரவில் ஆறிவிடும். 1909-இல் வில்லியம் பெய்லி வெயில் பிடிக்கும் பெட்டியையும் டேங்க்கையும் தனித்தனியாகப் பிரித்து, டேங்க்கை மட்டும் நன்றாக மூடி, ‘பகலும் இரவும்’ என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தார். கெம்ப் வகை சந்தையிலிருந்து போனது அதனால்தான். நூறு வருஷத்துக்கு முன்பே தீர்ந்த விஷயத்தை இன்னும் கறுப்பு பைப்பில் தொடங்கிக்கொண்டிருக்கிறோம்.

தாமான்வாசி:
அப்ப எத்தனை லிட்டர், எத்தனை சதுர அடி பெட்டி?

கணக்குப்புலி:
ஐந்து பேருக்கு 120 லிட்டர், கண்ணாடிப் பரப்பு 1.8 முதல் 2 சதுர மீட்டர். காரணம் இது. மலேசியத் தீபகற்பத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 4 முதல் 5 யூனிட் (கிலோவாட்-மணி) வெயில் விழுகிறது. 4.5 என்று எடுத்தால் 1.8 சதுர மீட்டருக்கு 8 யூனிட். கையால் செய்த பெட்டி அதில் 40 விழுக்காட்டைத் தண்ணீரில் சேர்த்தால் நல்ல வேலை, ஆக 3.2 யூனிட். 120 லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 0.14 யூனிட் வேண்டும். எனவே 23 டிகிரி ஏறும்: 28-இல் தொடங்கி 51. நாள் முழுக்க மேகமாக இருந்தால் 35 தாண்டாது, அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

காலையில் 48 டிகிரியில் இருக்கிறது என்றால், பச்சைத் தண்ணீர் கலந்து 40 டிகிரியில் கிட்டத்தட்ட 200 லிட்டர் கிடைக்கும். முகந்து குளிக்கிற வீட்டுக்கு ஐந்து பேருக்கும் தாராளம்.

பேராக்மல்லி:
குறுக்கே பேசுறதுக்கு மன்னிக்கணும். இதையெல்லாம் கட்டி எவ்வளவு மிச்சம்னும் சொல்லுங்க. குளியலறை மின் ஹீட்டர் 3.6 கிலோவாட், ஒரு ஆள் 10 நிமிஷம் குளிச்சா 0.6 யூனிட். ஐந்து பேர், 30 நாள், மாசம் 90 யூனிட். உங்க பில்லில் யூனிட் என்ன விலைன்னு பார்த்து நீங்களே பெருக்கிக்குங்க. செம்பு, ஸ்டெயின்லெஸ் எல்லாம் புதுசா வாங்கினா முதல் திரும்ப வருஷக்கணக்கு ஆகும். கையில் கொஞ்சம் சாமான் இருக்கு, வேலையும் தெரியும்னா கட்டலாம். கடன் வாங்கிக் கட்டுற பொருள் இல்லை இது.

சாயங்காலம் 5, 6 மணிக்குக் குளிக்கிற வீடா இருந்தா, கணக்குப்புலி கேலி பண்ற கெம்ப் வகையே போதும். பழைய ஸ்டெயின்லெஸ் டேங்க் ஒண்ணு, கறுப்பு பெயிண்ட், மூணு பக்கம் ராக்வூல் வச்ச பெட்டி, மேல ஒரு கண்ணாடி. ரெண்டே குழாய் இணைப்பு. கெட்டுப்போக அதுல ஒண்ணுமே இல்லை.

குழாய்வேலை:
மல்லியக்கா சொல்றது சரி. சாயங்காலக் குளியலுக்கு அதுதான் மலிவு. ஆனா தம்பி கேட்கிறது விடியற்காலைக்கு, அதனால பிரிச்சுக் கட்டியே ஆகணும்.

இப்போ உயரம். சூடான தண்ணி லேசு, அதனால மேல ஏறும்னு எல்லாருக்கும் தெரியும். அந்தத் தள்ளு எவ்வளவு சின்னதுன்னு தெரியாததாலதான் பாதிப் பேருடையது ஓடுறதில்லை. கணக்குப்புலி, அந்த எண்ணைப் போடுங்களேன்.

கணக்குப்புலி:
60 டிகிரி தண்ணீர் கன மீட்டருக்கு 983 கிலோ, 40 டிகிரி தண்ணீர் 992 கிலோ. ஒரு மீட்டர் உயரத்துக்குக் கிடைக்கும் அழுத்த வித்தியாசம் வெறும் 9 மி.மீ. தண்ணீர் உயரம். சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. இந்த 9 மி.மீ.தான் உங்கள் பம்பு. ஒரு தேவையில்லாத எல்போ (குழாய் வளைவு இணைப்பு), ஒரு காற்றுக் குமிழ் போதும், நின்றுவிடும்.

குழாய்வேலை:
ஆமா. அதனால கூரையை மறந்துடுங்க. பின்வாசல் காலி இடத்தில் தரையிலேயே ஸ்டாண்டு போட்டுப் பெட்டியை வையுங்க. பெட்டி நீளம் 2 மீட்டர், சாய்வு 15 டிகிரி. கீழ் விளிம்பு தரையிலிருந்து 60 செ.மீ.; மேல் விளிம்பு 1.1 மீட்டருக்கு வரும். டேங்க்கின் அடி அதுக்கு மேல குறைஞ்சது 30 செ.மீ., முடிஞ்சா 50. ஆக டேங்க் அடி 1.6 மீட்டர், தலை 2.3 மீட்டர். உங்க வீட்டுக் கூரைக்குள்ள இருக்கிற பச்சைத் தண்ணி டேங்க் 3 மீட்டருக்கு மேல இருக்கும், அதிலிருந்து தானா இறங்கி நிரம்பும்.

டேங்க் அடி பெட்டியின் தலையைவிடக் கீழ போனா ராத்திரி சுற்று தலைகீழா ஓடும். தெளிஞ்ச வானத்துக்குப் பெட்டி சூட்டைக் கொட்டும், டேங்க் காலையில் வெறும் தண்ணி. கூரை மேல பெட்டியும் பக்கத்திலேயே படுத்த டேங்க்கும் வச்சவங்க ‘பகல்ல நல்லா இருக்கு, காலையில் இல்லை’ன்னு சொல்றதுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இணைப்புக் குழாய் ரெண்டும் 28 மி.மீ. செம்பு. பெட்டியின் மேல் மூலையிலிருந்து போற சூட்டுக்குழாய் டேங்க் வரைக்கும் ஏறிக்கிட்டே போகணும், ஒரு இடத்திலயும் இறங்கக் கூடாது. டேங்க்கின் மூணில் ரெண்டு பங்கு உயரத்தில் நுழையணும். டேங்க் அடியிலிருந்து 5 செ.மீ. மேல பச்சைக் குழாய் (ஆறின தண்ணி போற குழாய்) புறப்பட்டு, பெட்டியின் எதிர்மூலையில் கீழ போய்ச் சேரணும். குறுக்கு மூலை இணைப்பு கட்டாயம். ஒரே பக்கத்தில் கொடுத்தா அந்தப் பக்கத்து ரெண்டு மூணு குழாயில் மட்டும் தண்ணி ஓடும், மறுபக்கம் கொதிச்சு நிற்கும். 90 டிகிரி எல்போவுக்குப் பதிலா ரெண்டு 45 போடுங்க.

குளிக்க எடுக்கிற குழாய் டேங்க் உச்சியிலிருந்து. எடுத்ததும் ஒரு 20 செ.மீ. கீழ இறக்கி அப்புறம் கொண்டு போங்க, இல்லாட்டி ராத்திரி முழுக்க அந்தக் குழாய்க்குள்ளயே சூடு ஏறி ஏறி வெளியேறும். அதே உச்சியிலிருந்து இன்னொரு குழாய், காற்றுக்குழாய். இது பச்சைத் தண்ணி டேங்க்கின் நீர்மட்டத்தைவிட அரை மீட்டர் மேல போய் வளைஞ்சு திறந்திருக்கணும். இதில் வால்வு போடாதீங்க. எக்காரணத்துக்கும் போடாதீங்க. 120 லிட்டர் 30-லிருந்து 70 டிகிரிக்குப் போனா ரெண்டு லிட்டருக்கு மேல விரியும். போக வழி இல்லைன்னா வெல்டிங் பிளக்கும். இதனாலதான் மெயின் பைப்பை நேரா டேங்க்கில் கொடுக்கக் கூடாதுன்னும் சொல்றது. வீட்டில் செய்த டேங்க் அந்த அழுத்தத்துக்குச் செய்தது இல்லை.

தாமான்வாசி:
அண்ணே, பெட்டி எந்தத் திசை பார்க்கணும்? தெற்கா?

கணக்குப்புலி:
நாம் இருப்பது வடக்கே ஐந்து டிகிரிக்கும் குறைவு. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முற்பகுதி வரை உச்சி வெயில் வடக்கிலிருந்து வரும், மிச்ச மாதம் தெற்கிலிருந்து. எந்தப் பக்கம் வைத்தாலும் வருஷக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சுடுதண்ணி அதிகம் வேண்டியது நவம்பர், டிசம்பர் மழைக்காலத்தில். அப்போது சூரியன் தெற்கே. எனவே தெற்கு. அதிலும் கொஞ்சம் கிழக்கே திருப்புங்கள், தென்கிழக்கு. நமக்கு இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல். 1982 ஜனவரி 1-இல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து நம் ஊர் உச்சிப்பொழுது 1.15 சுமாருக்கு. 3 மணிக்கு மழை பிடித்தால் உண்மையான உச்சி தாண்டி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. காலை வெயிலை விட்டால் நாள் போச்சு.

பின்வாசலில் செம்பனை நிழல் காலை 9 மணிக்கு எங்கே விழுகிறது என்று முதலில் பாருங்கள். 9-லிருந்து 3 வரை நிழல் விழாத இடம் வேண்டும்.

சாய்வை 5 டிகிரியாக வைக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். வெயிலுக்குப் போதும், ஆனால் தண்ணீர் ஏறுவதற்கும் கண்ணாடியில் தூசி கழுவிப் போவதற்கும் 10-க்குக் கீழே போகக் கூடாது. 15 நல்ல அளவு.

வெல்டிங்பட்டறை:
பெட்டிக்குள்ள என்னன்னு யாரும் சொல்லலையே. நான் சொல்றேன்.

மேலயும் கீழயும் 28 மி.மீ. செம்புக் குழாய், ஒவ்வொண்ணும் 1 மீட்டர். நடுவுல 15 மி.மீ. குழாய் 8, ஒவ்வொண்ணும் 1.8 மீட்டர், 11 செ.மீ. இடைவெளி. மொத்தம் 15 மி.மீ. 15 மீட்டர் வாங்குங்க. ஏர்கான் செம்புச் சுருள் மலிவா கிடைக்குதுன்னு அதை வாங்கி வந்துடாதீங்க. அது அரை இஞ்சுன்னா வெளிவிட்டம் 12.7, தண்ணிக் குழாய் வெளிவிட்டம் 15. ஃபிட்டிங் சேராது. முழுக்க ஏர்கான் குழாயிலேயே செய்யறதுன்னா தாராளமா செய்யலாம், ரெண்டையும் கலக்கக் கூடாது.

டீ ஃபிட்டிங் 16 வாங்கினா காசு. பெரிய குழாயில் துளை போட்டுச் சின்னக் குழாயைச் செருகி பித்தளைப் பற்று வைக்கலாம். செருகுறது 3 மி.மீ.க்கு மேல உள்ள போகக் கூடாது. பத்து மி.மீ. உள்ள போனா பெரிய குழாயில் வழி குறுகிடும். வெளியிலிருந்து பார்த்தா தெரியாது, பற்று அழகா இருக்கும், தண்ணி ஓடாது. குழாயில் 3 மி.மீ. தள்ளி ஒரு குத்துப் புள்ளி வச்சுக்கிட்டா அதுக்கு மேல நுழையாது.

சாதா ஈயப் பற்று வேண்டாம். ஈயம் தண்ணியில் இறங்கும். அதோட 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். தண்ணி இல்லாம வெயில்ல நிற்கிற பெட்டி உள்ள 120, 130 போகும், அதனால கைவசம் இடைவெளி ரொம்ப இல்லை. ஈயமில்லாத வெள்ளீயப் பற்று, இல்லாட்டி பித்தளைப் பற்று.

பற்று வச்சதும் பெட்டியில் போடறதுக்கு முன்னாடி சோதிச்சிடுங்க. தண்ணி நிரப்பி, கைப் பம்பில் 3 பார் ஏற்றி, ஒரு ராத்திரி விடுங்க. முள் இறங்கினா கசிவு. பெட்டி மூடினப்புறம் தெரிஞ்சா எல்லாத்தையும் பிரிக்கணும்.

வெயிலைப் பிடிச்சுக் குழாய்க்குச் சூடு கொடுக்கிற தகடு: 0.5 மி.மீ. அலுமினியம், 11 செ.மீ. அகலப் பட்டைகள். கெட்டிப் பலகையில் 16 மி.மீ. வாய்க்கால் எடுத்து, அதுக்கு மேல பட்டையை வச்சு 15 மி.மீ. இரும்புக் கம்பியை வச்சுச் சுத்தியலால் அடிச்சா குழாய் பாதி உட்கார்ற மாதிரி பள்ளம் விழும். குழாயை அதுல அழுத்தி, 15 செ.மீ.க்கு ஒரு துளை போட்டு ஸ்டெயின்லெஸ் கம்பியால் இறுக்கணும். தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவுல காகிதம் நுழைஞ்சா அங்க சூடு இறங்கலைன்னு அர்த்தம்.

தாமான்வாசி:
அலுமினியத்துக்குப் பதில் பழைய சிங்குத் தகடு போடலாமா? வீட்டில் கிடக்கு.

கணக்குப்புலி:
போடலாம். இந்த இடைவெளியில் 0.5 அலுமினியத் தகடு தான் பிடித்த சூட்டில் 95 விழுக்காட்டைக் குழாய்க்குக் கொடுக்கும். அதே கனத்தில் சிங்கு 83 கொடுக்கும். 12 விழுக்காடு இழப்பு, அவ்வளவுதான். ஆனால் அலை அலையாக நெளிந்த கூரைத் தகடாக இருந்தால் குழாயோடு ஒட்டாது. ஒட்டாத அலுமினியத்தைவிட ஒட்டிய சிங்கு மேல்.

குழாய்வேலை:
தகடு சிங்கா இருந்தா பரவாயில்லை, தண்ணி அதைத் தொடாது. பெட்டி உலர்ந்திருக்கணும், ரெண்டுக்கும் பெயிண்ட் இருக்கணும். டேங்க்தான் ஜிஐயா (துத்தநாகம் பூசின இரும்பு) இருக்கக் கூடாது. செம்புக் குழாயில் சுற்றி வர்ற தண்ணி துளியூண்டு செம்பைக் கரைச்சுக்கிட்டு வந்து ஜிஐ சுவரில் படிய விடும். அது படிஞ்ச இடமெல்லாம் துத்தநாகத்தைத் தின்னும். டேங்க்கில் ஊசித்துளை விழறது அப்படித்தான். செம்புக் குழாய்னா டேங்க் ஸ்டெயின்லெஸ், இல்லாட்டி செம்பு.

வெல்டிங்பட்டறை:
304 ஸ்டெயின்லெஸ், 1.5 மி.மீ., நின்ன வாக்கில் உருளை. படுக்க வச்சா சூட்டுத் தண்ணியும் பச்சைத் தண்ணியும் சீக்கிரம் கலந்திடும். நீல பிளாஸ்டிக் டிரம் கேட்கவே வேண்டாம், 60 டிகிரியில் தொய்ஞ்சு இணைப்புகள் விட்டுப்போகும். பிவிசி குழாயும் அதே கதைதான், சூட்டுப் பக்கம் வேண்டாம்.

சுற்றிலும் 50 மி.மீ. ராக்வூல், மேல் மூடியில் ரெண்டு அடுக்கு, ஏன்னா சூடு நிற்கிறதே மேலதான். அதுக்கு வெளியே மெல்லிய தகட்டில் சட்டை, சிலிக்கான் வச்சு அடைச்சிடுங்க. நனைஞ்ச ராக்வூல் சூட்டைப் பிடிக்காது. நம்ம ஊர் மழைக்கு அந்தச் சட்டையில் ஒரு சின்ன இடுக்கு போதும். டேங்க் அடிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவுல கெட்டி மரத்துண்டு வைக்கணும், இரும்பு நேரா இரும்பைத் தொட்டா கால் வழியா சூடு இறங்கிக்கிட்டே இருக்கும். ஸ்டாண்டு 150 கிலோவுக்கு மேல தாங்கணும், காலுக்கு அடியில் கான்கிரீட் போடுங்க, வெறும் மண்ணில் மழைக்குப் புதையும்.

பேராக்மல்லி:
பெட்டியோட உடம்பைப் பத்தி நான் சேர்க்கிறேன். ப்ளைவுட் வேண்டாம், நம்ம ஈரத்துக்கு உப்பிப் பிரியும், மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கும். அலுமினியச் சட்டம், அடியில் அலுமினியத் தகடு. தகட்டுக்கு அடியில் 50 மி.மீ. ராக்வூல், பக்கத்தில் 25. பொலிஸ்டைரீன் பலகையைத் தகட்டுக்கு நேர் கீழ வைக்காதீங்க, 80 டிகிரி தாண்டினா சுருங்கி உருகிப் போகும்.

கண்ணாடி 4 மி.மீ., டெம்பர்ட் (சூடேற்றி உறுதியாக்கின கண்ணாடி) கிடைச்சா நல்லது. சட்டத்துக்குள் நாலு பக்கமும் 3 மி.மீ. இடைவெளி விட்டு ரப்பர் பட்டை மேல உட்கார வையுங்க. இறுக்கிப் பூட்டினா விரியும்போது மூலையிலிருந்து கீறும். தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல 25 முதல் 30 மி.மீ. கீழ் விளிம்பில் 6 மி.மீ. துளை நாலு போட்டு உள்பக்கம் துருப்பிடிக்காத வலை ஒட்டுங்க. வலை இல்லைன்னா பல்லி, எறும்பு குடியேறும். துளையே இல்லைன்னா உள்ள வேர்த்து நிற்கும்.

பெயிண்ட், புகைபோக்கிக்கு அடிக்கிற சூடு தாங்கும் மங்கல் கறுப்பு. அடிச்சதும் கண்ணாடி போடாம ரெண்டு நாள் நல்ல வெயில்ல காயவிடுங்க. இல்லாட்டி பெயிண்ட் ஆவி எழுந்து கண்ணாடி உள்பக்கம் வெள்ளையா படியும், துடைக்கவும் முடியாது.

ரிங்லெட்காரி:
இதே மாதிரி கேமரன் மலையில் வீட்டுக்குள் குளிருக்குச் சூடேற்ற ஏதாவது கட்டலாமா? சுவரில் கண்ணாடி வைத்துக் காற்றைச் சூடாக்குவது பற்றிக் கேள்விப்பட்டேன்.

கணக்குப்புலி:
அது ட்ரோம்ப் சுவர். ஃபெலிக்ஸ் ட்ரோம்ப் 1967-இல் பிரான்ஸின் ஒதேயோவில் அப்படி ஒரு வீட்டைக் கட்டிக் காட்டினார். தடித்த கறுப்புச் சுவர், முன்னால் கண்ணாடி. பகலில் சுவர் சூட்டைக் குடித்து இரவில் அறைக்குள் விடும். ஆனால் அது பகலில் பளிச்சென்று வெயில் அடிக்கிற, இரவில் கடுங்குளிர் விழுகிற ஊருக்கானது. அங்கே குளிர்காலச் சூரியன் தாழ்வாக வந்து நிமிர்ந்த சுவரில் நேராக அடிக்கும். நமக்கு உச்சியில் நிற்கிறது, சுவரை வழுக்கிக்கொண்டு போய்விடும். மேலே மேகம் வேறு. கேமரன் உயரத்தில் முதலில் கூரைக்கடி ராக்வூலும் சன்னல் இடுக்கு அடைப்பும் போடுங்கள் அக்கா, கண்ணாடிச் சுவரைவிட அது அதிகம் தரும். சுடுதண்ணிப் பெட்டி அங்கேயும் ஓடும்; தொடக்கத் தண்ணீரே குளிர்ச்சி என்பதால் லிட்டரைக் குறைத்து 80 வையுங்கள்.

தாமான்வாசி:
இன்னொண்ணு. பிளாஸ்டிக் போத்தலை வச்சுச் செய்யறதா ஒரு முறை உண்டாமே?

பேராக்மல்லி:
அது பிரேசில்ல ஜோசே அல்சீனோ அலானோ 2002-ல் செய்தது. தூக்கிப் போடற பெட் போத்தலையும் பால் அட்டைப் பெட்டியையும் பிவிசி குழாய் மேல கோர்த்தது. கெட்டிக்காரத்தனம், செலவும் குறைவு. ஆனா பிவிசி தாங்காதுங்கிறதால தண்ணி ரொம்பச் சூடாகாம பார்த்துக்கணும், அதாவது லிட்டருக்குப் பெட்டி சின்னதா வைக்கணும். சாயங்காலக் குளியலுக்குச் சரி. காலை வரைக்கும் நிறுத்த அந்தச் சூடு பத்தாது. நம்ம வெயில்ல போத்தல் சில வருஷத்தில் மஞ்சளாகி நொறுங்கும், மாத்திக்கிட்டே இருக்கணும்.

குழாய்வேலை:
கட்டி முடிச்சப்புறம் என்ன கெடும்னு சொல்லிடறேன், அதுதான் எல்லாரும் விடறது.

டேங்க் தலைப்பக்கம் சூடேறாம பச்சைத் தண்ணியாவே இருக்கு, பெட்டியின் மேல்குழாய் மட்டும் கொதிக்குது: காற்று. மேல்குழாயைச் சுவரோட மட்டம் வச்சு நேரா பிடிச்சிருப்பீங்க. வெளியேறும் பக்கம் ஒரு மீட்டருக்கு ஒண்ணரை செ.மீ. உயர்த்துங்க.

பகல்ல நல்லா இருந்து காலையில் ஆறிடுது: உயரம் சரியா இருந்தா ராக்வூல் நனைஞ்சிருக்கு. சட்டையின் அடியில் தட்டிப் பாருங்க, சொட்டும்.

கண்ணாடியில் காலை பனி படியறது சகஜம். 10 மணிக்கு மேலயும் நின்னா துளை அடைஞ்சிருக்கு, இல்லாட்டி பற்று கசியுது. மழை இல்லாத வாரத்திலும் துளையில் தண்ணி சொட்டினா கசிவுதான்.

ரெண்டு மூணு வருஷத்தில் மெல்ல மெல்லச் சூடு குறைஞ்சா, நீங்க கிணற்றுத் தண்ணி போடறீங்கன்னு அர்த்தம். கிந்தா பக்கம் சுண்ணாம்புக் குன்று ஊர்கள்ல கிணற்று நீர் குழாய்க்குள்ள வெள்ளைப் படிவம் கட்டும். குழாய்த் தண்ணிக்கு அவ்வளவு இல்லை. புகைமூட்ட மாசத்தில் குறையறதுக்கு மருந்து இல்லை, கண்ணாடியைத் துடைங்க, அவ்வளவுதான்.

காற்றுக்குழாய் வாய்க்கும் மேல் டேங்க்குக்கும் (கூரைக்குள்ள இருக்கிற பச்சைத் தண்ணி டேங்க்) சன்ன வலை கட்டுங்க, ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

கணக்குப்புலி:
ஒரு சுகாதார விஷயம். 20-லிருந்து 45 டிகிரி வரை வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும், 60-இல் சாகும். வாரத்தில் ஒரு நல்ல வெயில் நாளில் தண்ணீர் எடுக்காமல் விட்டால் மறுநாள் மாலை 60 தாண்டும், அதுவே மருந்து. மழை தொடர்ந்து டேங்க் ஒரு வாரமாக 35-லேயே கிடந்தால் ஷவரில் தெளிக்காதீர்கள், திறந்து விட்டுப் புதிதாக நிரப்புங்கள். குடிக்கவோ சமைக்கவோ இந்தத் தண்ணீர் வேண்டாம்.

தாமான்வாசி:
மழை நாளுக்கு டேங்க்குக்குள்ளயே ஒரு மின் ராடு போட்டுடலாமா?

குழாய்வேலை:
வேண்டாம் தம்பி. உலோக டேங்க், ஈரத்தரை, கையால் செய்த இணைப்பு, மூணும் சேர்ந்தா ஆபத்து. குளியலறையில் இருக்கிற மின் ஹீட்டரை 10 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியோட (மின்கசிவு வந்தா கரண்டை நிறுத்துற சுவிட்ச்) அப்படியே விட்டு வையுங்க, அதுக்குத் தனிப் பச்சைக் குழாய். சூரியத் தண்ணிக்குத் தனிக் குழாய். சூரியத் தண்ணியை மின் ஹீட்டருக்குள் விட்டும் எடுக்காதீங்க. நிறைய மாடல் சூடான தண்ணி உள்ளே வர்றதுக்குச் செய்தது இல்லை. சூட்டுக் குழாய் திறக்கிற இடத்தில் பச்சையும் கலக்கிற வால்வு கட்டாயம் வையுங்க. தீபாவளிக்கு நாலு நாள் ஊருக்குப் போய்ட்டு வந்தா டேங்க் 70-க்கு மேல நிற்கும், சின்னப் பிள்ளை திறந்தா தோல் வெந்திடும். கிளம்பறப்போ கண்ணாடி மேல ஒரு பழைய கான்வாஸ் போர்த்திட்டுப் போங்க.

வெல்டிங்பட்டறை:
தோட்டத்துப் பழைய லயத்து (தொழிலாளர் வரிசை) வீட்டுக் கூரையில் கட்டப் போறவங்க யாராவது இதைப் படிச்சா ஒரு வார்த்தை: சாம்பல் நிற அலைத்தகடு அஸ்பெஸ்டாஸா இருக்கலாம். அதில் துளை போடாதீங்க, ஏறியும் நிற்காதீங்க. தரையிலயே கட்டுங்க.

தாமான்வாசி:
சரிங்க அண்ணே. முதல் தடவை நிரப்பும்போது கவனிக்க ஏதாவது இருக்கா?

குழாய்வேலை:
வெயில் ஏறறதுக்கு முன்னாடி, இல்லாட்டி கான்வாஸ் போர்த்தி நிரப்புங்க. காய்ஞ்ச பெட்டிக்குள் பச்சைத் தண்ணி பாய்ஞ்சா பற்று விடும், கண்ணாடியும் கீறும். நிரப்பறது பெட்டியின் கீழ் மூலையில் ஒரு டிரெய்ன் வால்வு (தண்ணி வடிக்கிற வால்வு) வச்சு அது வழியா, ஹோஸ் மாட்டி, மெதுவா. கீழிருந்து ஏறினா காற்றை முன்னால தள்ளிக்கிட்டே போகும். காற்றுக்குழாயில் குமிழ் சத்தம் நின்னு தண்ணி மட்டும் வந்ததும் டிரெய்னை மூடி, மேல் டேங்க் வால்வைத் திறங்க. அப்புறம் கான்வாஸை எடுத்துட்டு, நல்ல வெயில்ல ஒரு அரை மணி நேரம் கழிச்சு சூட்டுக்குழாயை டேங்க்குக்குப் பக்கத்தில் தொட்டுப் பாருங்க. பச்சைக் குழாயைவிட அது சுட்டா ஓடுது. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா டிரெய்னைத் திறந்து மறுபடி கீழிருந்து நிரப்புங்க. அப்பவும் ஓடலைன்னா சூட்டுக்குழாய் மேல மட்டப்பலகையை வச்சு அடி அடியா பாருங்க, எங்கயோ இறங்குது.